இணையாத போன்

“இந்தப் போன் இந்தக் காடியில கனெக்ட் ஆகுதான்னு பார்க்கணும் தம்பி. இன்னிக்கே தெரிஞ்சாகணும்.”

ஜெலுத்தோங்கில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் கமாலுக்கு இது தினசரிப் பாட்டு. காரோடு வந்திருந்த அம்மாளிடம் போனை வாங்கிக்கொண்டு காரில் ஏறப் போனவன், முன்பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

பானெட் ஒரு பக்கம் நசுங்கி, பெயிண்ட் உரிந்து கிடந்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்தான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிய படத்தில் இருந்த அதே நம்பர்.

“ஹைவேயில மோட்டரை இடிச்ச காடிதானே இது?”

அந்த அம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆமா தம்பி. ஓட்டினது என் மகன் புவனேஸ்வரன். இது அவன் போன்தான். நான் லெட்சுமி.”

கமாலின் முகம் இறுகியது. செத்துப்போனவன் ஹைருல். கமால் இருக்கும் ஃபிளாட்டில் கீழ் மாடி ஹபீபா பீவிக்கு ஒரே பிள்ளை. ஃபேக்டரி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவன். ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர்களில் கமாலும் ஒருவன். ‘இடிச்சவனைச் சும்மா விடக்கூடாது’ என்று அன்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னவனும் அவன்தான்.

“காடியைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துட்டாங்களா?”

“பிரேக்கு, டயரெல்லாம் பார்த்துட்டுக் கொடுத்துட்டாங்க. இந்தப் போன் கனெக்ஷனைப் பார்க்கல. போனைக் கையில எடுக்கவே இல்ல, காடி ஸ்பீக்கர்லதான் பேசினேன்னு மகன் சொல்லியிருக்கான்.”

ஓஹோ, விஷயம் அதுதானா என்று கமால் நினைத்துக்கொண்டான். வேலையைத் தொடங்கினான்.

புளூடூத்தைத் தட்டினான். கார் ஸ்கிரீன் தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. போனில் இருந்த பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துப் பார்த்தான், சேரவில்லை. காரை அணைத்து மறுபடி கிளப்பினான். கேபிளை மாற்றிச் செருகினான். சார்ஜ் ஏறியது, அவ்வளவுதான். கடைசியில் தன் போனையே வைத்துப் பார்த்தான். அதையும் கார் கண்டுகொள்ளவில்லை.

“போன்ல கோளாறு இல்ல. காடியிலதான்.”

“இடிச்சதுல போயிருக்குமா?”

டேஷ்போர்டைக் கழற்றி ஸ்கிரீனை வெளியே இழுத்தான். பின்னாலிருந்த வயர் முனைகளில் பச்சை பூத்து, தகடு அரித்துப் போயிருந்தது.

“இடியில போனது இல்லக்கா. கண்ணாடி ஓரமா மழைத் தண்ணி இறங்கி, மாசக்கணக்கா அரிச்சிருக்கு. அன்னிக்கு இதுல யாரும் பேசியிருக்கவே முடியாது.”

லெட்சுமி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லாத் தெரியுமா தம்பி?”

“எந்தக் கடையில வேணும்னாலும் கொண்டு போய்க் காட்டுங்க. இதையேதான் சொல்லுவான்.”

கமாலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை சீட்டில் வீசினான்.

“இப்ப இதை எடுத்துட்டுப் புதுசு மாட்டணும். அப்பத்தான் உங்க மகன் சொன்னது உண்மையாகும். அதானே? அதுக்கு என் கை வராதுக்கா. செத்தது எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. அவங்கம்மா இன்னும் சரியாச் சோறு தின்னல. நான் அல்லாஹ்வுக்குப் பயந்து தொழில் பண்றவன். உங்களுக்கெல்லாம் மனசாட்சியே வேணாமா?”

லெட்சுமி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“மாத்தச் சொல்லல தம்பி. மாத்தவே கூடாது.”

கமாலுக்குப் புரியவில்லை.

“அன்னிக்கு அவன் பேசிக்கிட்டிருந்தது என்கிட்டதான். வர்ற வழியில மருந்து வாங்கிட்டு வாடான்னு நான்தான் கூப்பிட்டேன். ‘இரும்மா, போன் நழுவுது’ன்னான். அடுத்தாப்புல ஒரு சத்தம்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வீட்டுல கேட்டா, ‘நீ தப்பாக் கேட்டிருப்பே’ங்கறான். அவங்கப்பாவும் அதையேதான் சொல்றாரு. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு இத்தனை நாளா கிடந்து தவிச்சேன். இப்பத் தெரிஞ்சு போச்சு. நான் கேட்டது சரிதான்.”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்களும் வந்து, இப்பச் சொன்னீங்களே, அதை மட்டும் சொல்லிடுங்க தம்பி. நான் மட்டும் போனா, ‘பாவம், குழம்பிப் போயிருக்கு’ன்னு அனுப்பிச்சிடுவாங்க. நீங்க சொன்னா நிக்கும்.”

கமால் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். போலீஸ் விசாரணை. அப்புறம் கோர்ட்டு. கூண்டில் ஏற்றிக் குடைந்தெடுக்கும் வக்கீல். இந்த அம்மாளின் வீட்டுக்காரரும் மகனும் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

“அது வந்துக்கா… தண்ணி எப்ப இறங்குச்சுன்னு நான் எப்படி உறுதியாச் சொல்றது?”

“இப்பத்தானே தம்பி சொன்னீங்க!”

“பொதுவாச் சொன்னேன்லா.”

“இறந்தது உங்க வீட்டுப் பிள்ளை மாதிரின்னீங்களே.”

“இல்லேங்கல. ஆனா நான் ஒத்தை ஆளு. பட்டப்பகல்ல கடையை மூடிட்டெல்லாம் வர முடியாதுக்கா. கோவிச்சுக்காதீங்க.”

லெட்சுமி ஒரு கணம் அவனையே பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டாள். ஸ்கிரீன் வயரோடு வெளியே தொங்கியபடி இருக்க, காரைக் கிளப்பி ஸ்டேஷன் இருக்கும் பக்கமாகத் திருப்பினாள்.

கார் முனையில் திரும்பி மறையும்வரை கமால் வாசலிலேயே நின்றான்.

அந்த அம்மாள் போலீஸைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

அவசர அவசரமாகக் கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டினான்.