ஒன்பதாம் நாள் கட்டு

காலை வெயிலில் கிடக்கும் கட்டிலின்மேல் வெற்றிச்செல்வன் வலது காலை நீட்டியிருக்கிறான். புளி உலுக்கப் போனபோது முள் கிழித்துச் சீழ் பிடித்த கால். இன்றும் சீழ் நிற்காவிட்டால் இரண்டு விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் நதியா கட்டைப் பிரிக்கப் பிரிக்க, அவன் மனைவி ஈஸ்வரி கட்டிலை ஒட்டி வந்து நிற்கிறாள். "இந்த வாட்டி கட்டைப் பிச்சிப் போட்டு வெயில்ல காய வெக்கலியே, அக்கா?" என்கிறாள் நதியா. "ஈரமா கட்னா புண்ணு எப்பிடி ஆறும்னு ஒருநாள் பண்ணேம்மா. அதையே சொல்லிக் காட்டாதே!" துணிக்கடியில், ஒன்பது நாளாக வைத்துக் கட்டிவரும், கடற்பாசியும் தேனும் சேர்த்துச் செய்த ஜெல் பட்டை, உரித்த நுங்குபோல மினுமினுக்கிறது. நதியா ஓரத்தைத் தூக்கியதும் ஒட்டாமல், இழுக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. அடியில் சீழ் இல்லை. மாதுளை முத்தின் சிவப்பு. ஈஸ்வரி குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோகிறாள். நாற்றத்துக்குக் கூசி இருபது நாளாக மாட்டுக் கொட்டகையில் படுக்கிறவன் பதறிக் காலை இழுக்கிறான். "இன்னாடி பண்றே, நாறும்!" "சும்மா இருய்யா." அவள் இன்னொருமுறை ஆழமாக மூச்சிழுக்கிறாள். "வாடையே இல்லய்யா!" "விரலு தப்பிச்சிச்சி, அண்ணா," என்று நதியா சிரித்தபடி புதுப் பட்டையின் உறையைக் கிழிக்கிறாள். அதைப் பார்க்க ஈஸ்வரி அங்கே இல்லை. கொட்டகைக்கு ஓடியவள், அவன் பாயையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள்.