ஊதாப் பொத்தான்

இருட்டறைத் திரையில் செல்கள் பச்சையாக மின்னின. "என் மூலக்கூறு சார்" என்றார் பேராசிரியர் தாணுலிங்கம், பரிசுக்குழுவிலிருந்து வந்த நடுவரிடம். ஆண்டுக்கணக்கில் உழைத்து அதை உருவாக்கிய செண்பகவடிவு அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றாள். செல்லுக்குள் செலுத்திய அந்த மூலக்கூறு நீல ஒளியில் பச்சையாக மின்னும். நீலத்தையே விடாமல் பாய்ச்சினால் உறங்கிவிடும். ஊதா ஒளி பட்டதும் விழித்துக்கொள்ளும். அவள் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இதெல்லாம் இருந்தது. தாணுலிங்கம் அதில் படித்ததோ எழுதியவர் பெயர்களை மட்டும்தான். அவளுடைய பெயரைக் கடைசியில் நன்றி சொல்லும் வரிக்குத் தள்ளிவிட்டு, தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இப்போதும் நீல ஒளியை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். "புற்றுநோய் செல் எங்க ஒளிஞ்சாலும் காட்டிக்கொடுத்துரும் சார்." திரை மங்கியது. அவர் பேச்சு மங்கவில்லை. திரை முழுதாகக் கறுத்தது. "என்ன சார், உங்க மூலக்கூறே ஒளிஞ்சுகிட்டுதா?" என்று நடுவர் சிரித்தார். தாணுலிங்கம் தொண்டையைச் செருமினார். "செஞ்சது இந்தப் பொண்ணு சார். என்னத்தக் கலந்து வச்சாளோ! எனக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது." செத்த கரப்பானைத் துடைப்பத்தால் தள்ளும்போது பார்ப்பதுபோல் செண்பகவடிவு அவரைப் பார்த்தாள். அவர் முன்னால் அவள் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை. "அப்போ இது முழுக்க என்னுதுதானே சார்?" "ஆமாம்மா, உன்னுதுதான். நீயே கட்டிக்கிட்டு அழு." அவள் நடுவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கேட்டீங்கல்ல சார்?" நடுவர் தலையாட்டினார். அவள் ஊதாப் பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.