மூக்கின் மேல் ஒரு பெயர்

ஒரு புகைப்படக்காரரின் இணையதளத்தில், தவில்மேல் தலை சாய்த்துத் தூங்கும் சிறுமியின் படம் இருந்தது. அவள் முகத்துக்குக் குறுக்கே, படமெடுத்த இசக்கியப்பனின் பெயர் தங்க எழுத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நகருங்களேன். கனவுலகூட மூச்சு முட்டுது" என்றது படம், தூக்கக் கலக்கத்தில்.

"நகர்ந்தா உன்னை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் என்னை யாருக்குத் தெரியும்?" என்றது பெயர்.

பார்க்க வந்தவர்கள் பெயரை மட்டும் படித்துவிட்டு மேகம்போல நகர்ந்து போனார்கள். ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் முடிந்தன. படமெடுக்க இசக்கியப்பனை ஒருவரும் கூப்பிடவில்லை.

சிறுமியின் தூக்கம் மெல்ல மெல்லப் பெயருக்கும் தொற்றிக்கொண்டது. எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கண் செருக, பெயர் அவள் கன்னத்திலிருந்து வழுக்கி, தவிலின் வளைவில் உருண்டு, கீழ் மூலையில் எறும்பு அளவுக்குச் சுருண்டுகொண்டது.

அப்போது ஒரு பெண் பார்க்க வந்தாள். அவள் நகரவில்லை. சிறுமியின் பாதி திறந்த வாயையும், கன்னத்தில் ஒட்டியிருந்த மல்லிகை இதழையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, குழந்தை விழித்துவிடுமோ என்பதுபோல மெதுவாகக் கேட்டாள்:

"இதை எடுத்தது யாரு?"

மூலையில் பெயர் கண் விழித்தது. அதை ஒருவர் தேடியது அதுதான் முதல் முறை.