பூட்டிக்கொண்ட ஆய்வு

பேராசிரியரின் பத்து வருட ஆய்வு, அப்டேட் முடிந்ததும் தானாகவே பூட்டிக்கொண்ட லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டது. அதைக் காட்டினால்தான் பணி நீட்டிப்பு என்று கறாராகச் சொல்லிவிட்டார் இயக்குநர்.

“ரொம்பச் சிரமப்படாதேம்மா. திறக்கவே முடியாதுன்னு ஒரு கடிதம் கொடுத்துடு, போதும்,” என்றார் பேராசிரியர்.

என்ன பெருந்தன்மை என்று உருகிப்போனாள் ரிப்பேர் பார்க்க வந்தவள். “அப்படி விட்டுடுவேனா சார்? இதை முதல்ல செட் பண்ணினவங்க அக்கவுன்ட்ல சாவி எண் இருக்கும். யாரு பண்ணினது?”

“வீட்டுக்காரி...” என்று இழுத்தார்.

அந்த அம்மாள் தன் அக்கவுன்ட்டைப் பார்த்து, போனில் நாற்பத்தெட்டு இலக்கங்களையும் பிசகாமல் படித்துச் சொன்னார்.

“திறந்துடுச்சு! இயக்குநர் சாரைக் கூப்பிடுங்க!” என்று கூவினாள்.

உள்ளே ஒரே ஒரு கோப்புதான் இருந்தது: ‘விருது ஏற்புரை’.

வராந்தாவில் இயக்குநரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. பேராசிரியர் அவள் காதருகே குனிந்தார்.

“திரும்பப் பூட்டிட முடியுமாம்மா?”