வகிட்டில் சிவப்பு

மும்பையின் மட் தீவுக் கடற்கரையில், சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் இரண்டு விரல்கடைதான் இருக்கிறது. படப்பிடிப்புக் குழுவில் எண்பது பேர் மூச்சுவிடாமல் நிற்கிறோம். இந்த வெளிச்சத்துக்கு ஒரே ஒரு டேக்தான். விடிந்தால் கதாநாயகி வெளிநாடு போகிறார். அவர் இடுப்பளவு நீரில் நின்று, இறந்த கணவனின் அஸ்தியைக் கலசத்திலிருந்து கரைக்கிறார். லைட்மேன்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். காட்சிக்குக் காட்சி எல்லாம் பொருந்துகிறதா என்று கண்டினியுட்டி பார்க்கும் பால்குனிக்கு மட்டும் வியர்க்கிறது. விதவையின் வகிட்டில், காலையில் எடுத்த கல்யாணக் காட்சிக்கு வைத்த சுமங்கலிச் சிந்தூரம் செக்கச்செவேலென்று இருக்கிறது. அதைக் கவனிப்பதுதான் அவள் வேலை. கலசம் காலியாகிறது. சூரியன் முழுகுகிறது. "கட்! பிரமாதம்!" என்கிறார் இயக்குநர் திங்ரா. "சார்... சிந்தூரத்த அழிக்கல," என்கிறாள் பால்குனி. கைதட்டல் அப்படியே நிற்கிறது. "ஏம்மா, சூரியன் போனப்புறந்தான் சொல்வியா?" "கட் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லயே சார்." திங்ரா மானிட்டரைப் பார்க்கிறார், இருண்ட கடலைப் பார்க்கிறார், அவளை ரொம்ப நேரம் பார்க்கிறார். பிறகு எழுத்தாளர் பக்கம் திரும்புகிறார். "மிஸ்ரா ஜி, புருஷன் சாகலன்னா கலசத்துல யாரு?" மிஸ்ரா யோசிக்கவே இல்லை. "மாமனார்னு வெச்சுக்கலாமே, ஜி." பின்னால், நாற்காலியில் உட்கார்ந்து நாளைய வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் மாமனார் நடிகரின் முணுமுணுப்பு நின்றுபோகிறது.