நூற்றுப் பதினாறு

மேனேஜர் அவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு கையில் பரிசு. ரிப்பன் கட்டிய ஹாட் பாக்ஸ்.

"எப்படி அம்மிணி முடிஞ்சுது? இவங்களுக்கும் சொல்லு."

எதிரே பனியனுக்குக் கை தைக்கும் ஏழு பெண்கள் நின்றார்கள். அவளோடு சேர்த்து எட்டுப் பேர் அந்த வரிசையில்.

சுவரில் பலகை. அதிலிருந்த எண்பதைச் சற்று முன்புதான் அவர் கைக்குட்டையால் துடைத்தார். அந்த இடத்தில் நூற்றுப் பதினாறு என்று எழுதினார்.

மணிக்கு நூற்றுப் பதினாறு பீஸ். இந்த மணியிலிருந்தே. எல்லோருக்கும்.

"உங்கள்ல ஒருத்திதான அவ? அவளுக்கு மட்டும் என்ன, பத்துக் கையா இருக்குது?"

அவள் நூற்றுப் பதினாறு தைத்ததே இல்லை. எண்பத்திரண்டு தைப்பாள். முடியாத நாளில் எண்பது.

மாதத்தின் சிறந்த பணியாளரைத் தானே தேர்ந்தெடுப்பதாக மேனேஜர் நினைத்திருந்தார்.

இவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முறை வைத்து.

எண்பது முடிந்தபின் கையில் மிஞ்சும் பீஸை, அந்த மாதம் முறை யாருக்கோ அவள் கூடையில் போடுவார்கள். அவளுக்குத் தொண்ணூறு காட்டும். ஒரு ஹாட் பாக்ஸ், ஒரு போட்டோ, ஐந்து நிமிடக் கைதட்டல். வீட்டில் காட்டிக்கொள்ள ஏதோ ஒன்று.

இந்த மாதம் அவள் முறை.

கரு கலைந்து நான்காம் நாளே வேலைக்கு வந்தவள். அதற்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் சேத்திப் போடுங்கடி" என்று அந்த ஏழு பேரில் ராசாமணிதான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

போட்டார்கள். யார் எத்தனை என்று எவளும் கேட்கவில்லை.

மைக் கனத்தது.

உண்மையைச் சொன்னால் எண் அழிந்துவிடும். கூடவே எட்டுப் பேரும் கேட்டுக்கு வெளியே.

"கூச்சப்படாத, சொல்லு."

ராசாமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை இம்மி அளவு அசைத்தாள்.

வேண்டாம்.

"ஆசையாத் தச்சனுங்க சார்."

"கேட்டீங்களா? ஆசை வேணும்!"

அவரே முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

பெல் அடித்தது.

பாத்ரூமுக்கு ஒருமுறை எழுந்து போய்வந்தால் பத்துப் பீஸ் போய்விடும்.

ராசாமணி மெஷினுக்குப் போகவில்லை. குழாயடிக்குப் போனாள். தன் பாட்டிலைத் திறந்து, இருந்த தண்ணீர் முழுவதையும் கீழே ஊற்றினாள்.

மற்ற ஆறு பேரும் பாட்டிலோடு ராசாமணிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

அவளும் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றாள்.

முன்னால் நின்றவள் திரும்பவில்லை.