ஆறு மணி எல் போர்டு

"அக்கா, பிரேக்கு! பிரேக்கை மிதிங்கன்னா ஏன் ஹாரனை அமுக்கறீங்க?"

பயிற்சியாளர் கத்திய கத்தலில் சந்தே திரும்பிப் பார்த்தது. எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் இரண்டு தடவை குலுங்கி, முன்னால் நடந்துகொண்டிருந்த இளம்பெண்ணுக்கு நாலடி பின்னால் என்ஜின் அணைந்து நின்றது.

ஸ்டியரிங்கைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"கொஞ்சம் ஓரமாவே நட கண்ணு. இந்த வண்டி எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியாது."

அந்த இளம்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சந்தில் அவள் சிரித்து ஒரு மாதமாகியிருந்தது.

கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்தும் வேலை அவளுக்கு. ஆறு மணிக்குக் கடையின் ஷட்டர் இறங்கும். பஸ் நிறுத்தத்துக்கு இந்தச் சந்தை விட்டால் வேறு வழியில்லை. ஒரு மாதமாக ஒரே பைக்கில் இரண்டு பேர் கூடவே உருட்டிக்கொண்டு வந்தார்கள். விசில், பாட்டு, பேர் கேட்பது என்று ஆரம்பித்து, போன வாரம் கைப்பையைப் பிடித்து இழுப்பதுவரை வந்துவிட்டது. அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா கெடு வைத்தார்.

"இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள அவனுங்க இன்னொரு தடவை வம்பு பண்ணினானுங்கன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டோட இரு."

"தப்பு பண்றது அவனுங்க. வீட்ல உக்கார்றது நானாப்பா?"

அப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். கெடு மட்டும் அப்படியே இருந்தது.

இன்று திங்கட்கிழமை. அதே பைக் காருக்குப் பின்னால் வந்து விடாமல் ஹாரன் அடித்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சாக்கடை. கார் வழிவிட்டால்தான் அவளை நெருங்க முடியும்.

"ஏ கிழவி! ஓட்டத் தெரியலன்னா வீட்ல போய் சமையல் பண்ணு!"

"அடுப்பும் இப்படித்தான் தம்பி, பாதியிலேயே அணைஞ்சிடுது" என்றாள் பெண்மணி. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவள் பஸ் ஏறும்வரை கார் ஆமையாக ஊர்ந்து பின்னாலேயே வந்தது.

செவ்வாயும் அதே கூத்து. புதன்கிழமை கார் குறுக்காகவே அணைந்து, பைக்கைச் சுவரோடு சிறை வைத்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. தண்ணீர் கேன் வண்டிக்காரர் இறங்கி வந்து பைக்கில் இருந்தவனை உற்றுப் பார்த்தார்.

"டேய், நீ அந்த மெக்கானிக்கோட தம்பிதானே? தினமும் இந்தச் சந்துல உனக்கென்னடா ஜோலி?"

அவன் அவசர அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"இன்னைக்கும் ஒண்ணுமில்லப்பா" என்று மூன்று நாளாக அவள் வீட்டில் சொன்னாள். பொய்யும் இல்லை.

வியாழக்கிழமை பயிற்சியாளர் பொறுமை இழந்தார். பின்னால் பைக் உறுமிக்கொண்டிருக்க, சந்து முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"போதும்க்கா! ஆறு தடவை டெஸ்ட்ல கோட்டை விட்டாச்சு. இனிமேலும் இப்படித்தான்னா உங்க பேரையே அடிச்சிடுவேன். நாளையிலிருந்து வராதீங்க!"

பெண்மணி தலையைக் குனிந்துகொண்டாள்.

முன்னால் நடந்துகொண்டிருந்தவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாளை வெள்ளிக்கிழமை. கார் வராவிட்டால் பைக் நெருங்கும். பைக் நெருங்கினால் வேலை போகும். அந்த அக்கா டெஸ்டில் தேறட்டும் என்று வேண்டிக்கொள்வதா, தேறக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா? தேறினாலும் கார் வராதே! இப்படி நினைத்ததற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கார் கதவில் படித்த முகவரியைத் தேடிக்கொண்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். பயிற்சியாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டீச்சர்... டைப்பிங் கிளாஸ் அஞ்சு மணிக்கு விடுதா? ரெண்டு பொண்ணுங்களா? சரி, சின்ன வண்டியை அனுப்பறேன்."

போனை வைத்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "அட, நீங்களா! உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. "சார், அந்த அக்கா பேரை அடிச்சிடாதீங்க. அவங்க மோசமாத்தான் ஓட்டறாங்க, நான் இல்லேங்கல. ஆனா அவங்க அப்படி ஓட்டறதாலதான் நான் நிம்மதியா பஸ் ஏறறேன். இன்னும் ஒரு மாசம் கத்துக்குடுங்க சார். கிளட்ச் எது, பிரேக் எதுன்னு வேணும்னா நானே பெரிய எழுத்துல எழுதி ஒட்டித் தர்றேன்."

பயிற்சியாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"முதலாளியம்மா! உங்களுக்கு ஒரு சிபாரிசு வந்திருக்கு!"

அதே பெண்மணி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"உங்க கடைக்கு எதிர்ல மருந்துக்கடை வச்சிருக்காரே, அவரு போன வாரம்தான் கண்ணு எனக்கு விஷயத்தைச் சொன்னாரு. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, மனுஷன்?" என்று அலுத்துக்கொண்டாள். "நேத்து இவரு போட்ட சத்தம் அந்தப் பசங்க நம்பறதுக்குத்தான். இன்னைக்கும் ஆறு மணிக்குத்தானே கிளம்புவ?"

அவள் திறந்த வாயை மூடாமல் பயிற்சியாளரைப் பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினவங்கம்மா" என்றார் அவர். "அவங்க கையில இதுவரைக்கும் ஒரு வண்டிகூடத் தானா அணைஞ்சதில்ல."